சுவரை உடைப்பதா, லைனை வெளியே கொண்டுவருவதா? நாற்பது வயது வீட்டின் குழாய்களுக்கு எது சரி

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டை அப்பா கட்டியது 1984-ல். தண்ணீர் லைன் முழுக்க ஜி.ஐ. பைப் (துத்தநாகம் பூசிய இரும்புப் பைப்), அத்தனையும் சுவருக்குள். முப்பது வருடம் வரை அதைப் பற்றி வீட்டில் யாரும் யோசித்ததில்லை. முதலில் மாடிக் குளியலறை ஷவரில் தண்ணீர் நூலாட்டம் வர ஆரம்பித்தது. அப்புறம் காலையில் குழாயைத் திறந்ததும் முதல் அரை வாளி செம்மண் நிறத்தில் வந்தது. ஒரு ஐப்பசியில் கூடத்துச் சுவரில் ஓதம் ஏறிப் பூச்சு உப்பி உதிர்ந்தது. மழை ஓதம்தான் என்று வெளிச்சுவருக்கு வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடித்தோம். பங்குனி வெயிலிலும் அந்த இடம் ஈரமாகவே இருந்தபோதுதான், உள்ளே ஒரு பைப் ஓடுவது ஞாபகம் வந்தது.

நங்கநல்லூர், சிட்லபாக்கம், கொரட்டூர், அம்பத்தூர் என்று சென்னைப் புறநகரில் 70-களிலும் 80-களிலும் கட்டிய தனிவீடுகள் உள்ள எந்தத் தெருவிலும் இதே கதையைக் கேட்கலாம். கேள்வியும் ஒன்றுதான். கசிகிற இடத்தை மட்டும் சரிசெய்துகொண்டே போவதா, எல்லாவற்றையும் உடைத்துப் புதிதாகப் போடுவதா? இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது. பழைய லைனைச் சுவருக்குள் அப்படியே விட்டுவிட்டு, புதிய லைனைச் சுவருக்கு வெளியே ஓட்டுவது. நான் இந்த மூன்றாவது வழியின் பக்கம். எந்தக் கம்பெனிப் பைப் நல்லது என்பதுதான் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. பழைய வீட்டுக்கு அது இரண்டாவது கேள்வி. நாளைக்கு ஒரு கோளாறு வந்தால் பைப்பைக் கை எட்டித் தொடமுடியுமா என்பதுதான் முதல் கேள்வி.

முதலில் எது கோளாறு என்று பாருங்கள்

ஒரே வாளியை எல்லாக் குழாயிலும் வைத்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே தளத்தில் இருக்கும் இரண்டு குழாய்களுக்குள் பெரிய வித்தியாசம் இருந்தால், மெதுவாக வருகிற கிளையில் அடைப்பு. எல்லாமே மெதுவாக வந்தால், தொட்டியிலிருந்து இறங்கும் மெயின் லைனையும் அதன் கேட் வால்வையும் பார்க்கவேண்டும். பழைய கேட் வால்வில் கைப்பிடி நன்றாகச் சுற்றும், ஆனால் உள்ளே தகடு கழன்று பாதி வழியை மறைத்துக்கொண்டு நிற்கும். வீட்டு லைனையே மாற்றவேண்டும் என்று கிளம்பிய இடத்தில் ஒரு வால்வை மாற்றியதோடு வேலை முடிந்துபோவதும் உண்டு.

கசிவைக் கண்டுபிடிக்க, இரவு படுக்கப்போகும் முன் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மேல் தொட்டியில் ஒரு குச்சியை விட்டு மட்டத்தை அளந்துகொள்ளுங்கள். காலையில் குறைந்திருந்தால் முதல் சந்தேகம் ஃபிளஷ் டேங்க்மேல்தான். அதற்குள் ஒரு சிட்டிகை மஞ்சள்தூளைக் கரைத்துவிட்டு, ஃபிளஷ் செய்யாமல் அரை மணி நேரம் காத்திருங்கள். கோப்பையில் மஞ்சள் இறங்கியிருந்தால் வாஷர் போய்விட்டது. சுவரைத் தொடவே வேண்டாம்.

இந்தச் சோதனை எதுவும் செய்யாமல், தண்ணீர் சன்னமாக வருகிறது என்பதற்காக பிரஷர் பம்ப் வாங்கி மாட்டுகிறவர்கள் அதிகம். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். பத்து மீட்டர் உயரத்துத் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கொடுக்கும். ஒரு மாடி வீட்டில் தொட்டியிலிருந்து கீழ்த்தளக் குழாய்க்கு ஆறேழு மீட்டர் இருக்கும், அதாவது முக்கால் கிலோவுக்கும் குறைவு. மாடி ஷவருக்கு இரண்டு மீட்டர்கூட இருக்காது. அதனால்தான் அடைப்பு முதலில் மாடியில் தெரிகிறது. இத்தனை வருடம் முக்கால் கிலோவையே பார்த்து வந்த துருப்பிடித்த பைப்பில் திடீரென்று இரண்டு கிலோ ஏற்றினால், இதுவரை கசியாத இடமும் கசிய ஆரம்பிக்கும்.

ஒட்டுப் போட்டுக்கொண்டே போவது

நாங்கள் முதல் நாலு வருடம் இதைத்தான் செய்தோம். ஒரு நாள் வேலை, ஒரு எல்போ, கொஞ்சம் சணல், கொத்தனாருக்கு அரை நாள் கூலி. கேட்கச் சின்னச் செலவாகத்தான் இருந்தது. ஆறாவது இடத்தில் சுவரைத் திறந்த ப்ளம்பர் ரேஞ்சைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "இதைத் தொட்டா அடுத்ததும் கையோட வரும்மா." சொன்னபடியே வந்தது. அன்றைக்கு ஒரு முழத்துக்குத் திறந்த சுவர் சாயங்காலத்துக்குள் ஐந்து அடி ஆனது.

இது அவர் வேலையின் குறை இல்லை, ஜி.ஐ. பைப்பின் இயல்பு. இரும்புக்கு மேல் இருக்கும் துத்தநாகப் பூச்சுதான் அதன் காவல். உப்புத் தண்ணீர் அந்தப் பூச்சை வருடக்கணக்கில் கரைத்துவிடுகிறது. அப்புறம் இரும்பு துருவாகிறது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் உள்ளே முண்டுமுண்டாக வளர்கிறது, அதன்மேல் சுண்ணாம்பும் படிகிறது. துவாரத்தின் விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காகிவிடும். உராய்வையும் சேர்த்தால் வருகிற தண்ணீர் கால் பங்குக்கும் கீழே. முதலில் ஓட்டை விழுவது பெரும்பாலும் மரையில், அதாவது பைப் முனையில் வெட்டிய திருகு இழையில். மரை வெட்டும்போதே அங்கே பைப்பின் கனம் குறைந்து, பூச்சும் போய்விடுகிறது. ஒரு எல்போவைக் கழற்ற ரேஞ்ச் போட்டுத் திருகும் பலம், சுவருக்குள் இருக்கும் அடுத்த இத்துப்போன மரையில்தான் போய் இறங்குகிறது. இரண்டு ரேஞ்ச் வைத்து, ஒன்றால் பைப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதால் திருகினால் சேதம் குறையும். ஆனால் சுவருக்குள் இரண்டு ரேஞ்சுக்கு இடம் எங்கே?

எங்கள் பகுதியில் தண்ணீரும் ஒரு காரணம். பல்லாவரம், நாகல்கேணிப் பக்கம் தோல் பதனிடும் ஆலைகளால் நிலத்தடி நீரில் உப்பு ஏறியது எல்லோருக்கும் தெரிந்தது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500), கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதிக்கிறது. இந்த உப்பை அளக்கும் கையடக்க டி.டி.எஸ். மீட்டரை உங்கள் போர்வெல் தண்ணீரில் ஒரு தடவை முக்கிப் பாருங்கள். எண் ஆயிரத்தைத் தாண்டினால், ஜி.ஐ. பைப்பில் ஒட்டுப்போட இன்னொரு ரூபாய்கூடச் செலவழிக்க நான் சொல்லமாட்டேன்.

ஒட்டுப் போடுவது சரியாக இருக்கும் இடமும் உண்டு. வீட்டை இரண்டு மூன்று வருடத்தில் இடித்து ஜாயின்ட் வென்ச்சருக்குக் கொடுக்கப் பேச்சு நடக்கிறது என்றால், புதிய லைனில் போடும் பணம் வீண். ரப்பர் ஷீட்டும் கிளாம்ப்பும் போதும், மனசு சங்கடப்படாமல் ஒட்டிக்கொண்டே ஓட்டுங்கள்.

எல்லாவற்றையும் உடைத்து, மறுபடி சுவருக்குள்

கட்டுமானத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சிபாரிசு செய்வார்கள். பார்வைக்குச் சுத்தம், பைப்பில் வெயில் படாது, எலி கடிக்காது, சுடுதண்ணீர் சீக்கிரம் ஆறாது. எல்லாம் உண்மையான நன்மைகள்.

செலவைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் வேறாகத் தெரியும். இந்த வேலையில் பைப்பும் ஃபிட்டிங்கும் சின்னப் பங்குதான். டைல்ஸை உடைப்பது, சுவரில் பைப்புக்குக் காடி (நீளப் பள்ளம்) எடுப்பது, இடிபாட்டை அள்ளிப் போடுவது, பூசுவது, புது டைல்ஸ், பெயின்ட் என்று மற்றதுதான் பெரும் பங்கு. அதோடு பழைய வீட்டுக்கே உரிய நஷ்டம் ஒன்று. அந்தக் காலத்து மொசைக் தரையையும் ரெட் ஆக்ஸைடு தரையையும் ஒரு தடவை வெட்டினால் அதே நிறத்தில் மறுபடி ஒட்டவைக்க ஆள் கிடைப்பதில்லை. அப்பா நின்று பார்த்து இழைக்கவைத்த மொசைக்கின் குறுக்கே ஒரு சிமென்ட் கோடு ஓடுவதை அம்மா ஏற்கவேயில்லை, நானும்தான்.

உறுதி பற்றிய கேள்வியும் இருக்கிறது. ஒன்பது இன்ச் சுவரில் காடி எடுக்கலாம். நாலரை இன்ச் தடுப்புச் சுவரில், அதுவும் கிடைமட்டமாக நீளமாகக் காடி எடுத்தால் சுவர் பலவீனப்படும். தூணிலும் பீமிலும் உளி படவே கூடாது. கம்பி தெரிந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள்.

குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கிக் கீழ்த்தளக் கூரை ஒழுகி, எப்படியும் டைல்ஸைப் பெயர்த்து வாட்டர்ப்ரூஃபிங் செய்யப்போகிறீர்கள் என்றால் கணக்கு மாறிவிடும். உடைக்கும் செலவு ஏற்கெனவே வந்துவிட்டது, அந்த அறைக்குள் மட்டும் லைனைச் சுவருக்குள் போட்டுக்கொள்ளுங்கள். பூசுவதற்கு முன் கைப்பம்பு வைத்து அழுத்தம் ஏற்றி, ஓர் இரவாவது விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் சுவரில் ஒரு அளவு டேப்பை விரித்துப் பிடித்து எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். பின்னாளில் கண்ணாடி மாட்ட டிரில் போடும்போது அந்தப் போட்டோ கைகொடுக்கும்.

லைனை வெளியே கொண்டுவருவது

கடைசியில் நாங்கள் செய்தது இது. மொட்டைமாடியில் தொட்டியிலிருந்து ஒரு ஹெடர், அதாவது கிளைகள் பிரியும் தலைப் பைப். அதிலிருந்து மாடிக் குளியலறைக்கு ஒன்று, கீழ்க் குளியலறைக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று என்று தனித்தனி இறக்கம். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பால் வால்வு. பைப் வெளிச்சுவரோடு இறங்கி, எந்த உயரத்தில் குழாய் வேண்டுமோ அந்த இடத்தில் மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே வருகிறது. நாலு நாளில் முடிந்தது. வேலை நடக்கும்போது பழைய லைன் ஓடிக்கொண்டே இருந்ததால் ஒரு நாள்கூட வீட்டில் தண்ணீர் நிற்கவில்லை. எழுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் இருக்கும் வீட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, பக்கெட்டோடு மாடி ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும்.

தனித்தனி வால்வு வைத்ததன் அருமை அப்புறம்தான் தெரிந்தது. கீழ்க் குளியலறையில் ஆங்கிள் காக் கழன்றபோது அந்த ஒரு இறக்கத்தை மட்டும் மூடினோம், சமையல் நிற்கவில்லை. 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை மறக்கமுடியாது. அந்த மாதிரி நாட்களில் போர் தண்ணீரைக் கழிப்பறைக்கும், விலை கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீரைச் சமையலறைக்கும் தனித்தனியாக ஓட்டவேண்டியிருக்கும். வெளியே இருக்கும் லைனில் இந்த மாற்றம் அரை நாள் வேலை. சுவருக்குள் இருக்கும் லைனில் இதை நினைத்துக்கூடப் பார்க்கமுடியாது.

குறைகளையும் சொல்லவேண்டும். பிளாஸ்டிக் பைப்பில் வருடக்கணக்கில் வெயில் பட்டால் நொறுங்கும் தன்மை வந்துவிடும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்டை இரண்டு கோட் அடித்தால் அது பெரிதும் குறையும். எண்ணெய்ப் பெயின்ட் அடிக்காதீர்கள், அது சுடுதண்ணீரையும் தாங்கும் பிளாஸ்டிக்கான சி.பி.வி.சி.க்கு ஆகாது. மேற்குச் சுவரில் ஓட்டினால் சித்திரையில் மத்தியானம் குழாயைத் திறந்ததும் கொதிதண்ணீர் வரும். வடக்குச் சுவர் கிடைத்தால் அதுவே நல்லது. மூன்று அடிக்கு ஒரு கிளாம்ப் வேண்டும், ஆனால் சுடுதண்ணீர் லைனை இறுக்கிப் பிடிக்கக்கூடாது. மூன்று மீட்டர் சி.பி.வி.சி. பைப், 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டர் நீளும். அது நகர ஒரு வளைவாவது விடவேண்டும். எலித்தொல்லை உள்ள வீட்டில் தரையோரமாக ஓடும் பகுதியை மூடிப் பாதுகாக்கவேண்டும்.

அழகு பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். சுவர் நிறத்திலேயே பெயின்ட் அடித்த நேரான பைப் ஒரு மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். ஓதம் ஏறிய சுவர் ஒருநாளும் பழகாது.

எந்தப் பைப்

மறுபடி ஜி.ஐ. வேண்டாம். வண்டி இடிக்கிற போர்டிகோ மூலை மாதிரி அடிபடும் இடத்துக்கு ஒரு துண்டு போடலாம். அப்படிப் போட்டாலும் மஞ்சள் பட்டை உள்ள ஏ கிளாஸ் மெல்லியது, நீலப் பட்டை பி கிளாஸாவது வாங்குங்கள்.

யு.பி.வி.சி. விலை குறைவு, குளிர்தண்ணீருக்கு நன்றாக உழைக்கும். கீஸர் பக்கம் கொண்டுபோகக் கூடாது, சூட்டில் இளகிவிடும்.

பி.பி.ஆர். பச்சை நிறத்தில் வரும். 260 டிகிரி சூட்டில் உருக்கி ஒட்டுவதால் பைப்பும் ஃபிட்டிங்கும் ஒரே பொருளாகிவிடுகிறது. ஒட்டுப் பசையே இல்லை. இணைப்பின் தரத்தில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். ஆனால் ஒவ்வொரு ரிப்பேருக்கும் அந்த மெஷினும், அதில் கைப்பழக்கம் உள்ள ஆளும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு இணைப்பு விட்டுப்போனால் உங்கள் தெருவில் அந்த ஆள் கிடைப்பாரா என்று யோசியுங்கள்.

அதனால் வீட்டு லைனுக்கு நான் சொல்வது சி.பி.வி.சி. கீஸர் தண்ணீரைத் தாங்கும், எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், எல்லா ப்ளம்பருக்கும் தெரியும். பைப்பின்மேல் ஐ.எஸ். 15778 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இதில் பலர் ஏமாறும் இடம் அளவு. அரை இன்ச் ஜி.ஐ. பைப்பின் உள்விட்டம் சுமார் 16 மி.மீ. அரை இன்ச் சி.பி.வி.சி.யின் உள்விட்டம் 12 மி.மீ.க்குச் சற்று மேல். பெயர் ஒன்று, துவாரம் வேறு. அரைக்கு அரை என்று மாற்றிவிட்டு, புதிய பைப்பிலும் தண்ணீர் சன்னமாகத்தான் வருகிறது என்று வருத்தப்படுகிறவர்களுக்கு இதுதான் காரணம். முக்கால் இன்ச் போடுங்கள், உள்விட்டம் 18 மி.மீ. வரும். தொட்டியிலிருந்து இறங்கும் மெயின் ஒன்று அல்லது ஒன்றே கால் இன்ச் இருக்கட்டும். அரை இன்ச் கடைசிக் குழாய்க்கு முந்தைய ஓரிரு அடிக்கு மட்டும்.

இணைப்பில் இரண்டு விஷயம். மரை உள்ள பித்தளை ஃபிட்டிங்கில் டெஃப்லான் டேப் மட்டும் சுற்றச் சொல்லுங்கள். சணலும் ஷெல்லாக்கும் ஜி.ஐ.யோடு போகட்டும். பைப்பை ஒட்டும் சால்வன்ட் பசை டின்னில் கெட்டியாகியிருந்தால் புதிது வாங்கிக் கொடுங்கள். ஒட்டிய பின் 24 மணி நேரம் தண்ணீர் விடாமல் இருப்பது நல்லது. அவசரத்தில் அன்றைக்கே திறந்துவிட்ட இணைப்புதான் ஆறு மாதத்தில் வியர்க்க ஆரம்பிக்கும்.

பி.வி.சி. பைப்பில் ஈயக் கலவை சேர்ப்பதைக் கட்டுப்படுத்தும் விதிகளை மத்திய அரசு 2021-ல் கொண்டுவந்தது. முன்பு மிச்சம் ஆகி மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் பழைய பி.வி.சி. துண்டுகளைக் குடிதண்ணீர் லைனில் சேர்க்காமல் இருப்பதுதான் குழந்தைகளுக்கு நல்லது.

கழிவு லைனுக்கு ஒட்டு வேண்டாம்

தண்ணீர் லைனில் ஒட்டுப் போடவும் ஒரு நியாயம் இருந்தது. கழிவு லைனில் எனக்கு அந்த எண்ணம் இல்லை. அந்தக் காலத்து வீடுகளில் சுவரோரம் வார்ப்பிரும்புப் பைப்பும், தரைக்கு அடியில் செம்மண் நிற ஸ்டோன்வேர் பைப்பும் இருக்கும். ஸ்டோன்வேர் இரண்டு இரண்டு அடித் துண்டாக, சிமென்ட்டால் இணைத்தது. மண் அமுங்கும்போது அந்த இணைப்புகள் விரிசல் விடுகின்றன, முருங்கையோ வேம்போ பக்கத்தில் இருந்தால் வேர் உள்ளே புகுந்துவிடும். கம்பி விட்டு எடுத்தால் மூன்று மாதத்தில் திரும்ப வளரும். கசியும் கழிவு போர் அருகிலோ சம்ப் அருகிலோ இறங்கினால் அது வெறும் நாற்றத்தோடு நிற்காது. பள்ளம் தோண்டி, ஐ.எஸ். 13592 முத்திரையுள்ள எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுக்கும் மழைத்தண்ணீருக்குமான பி.வி.சி.) பைப்பில் டைப் பி போட்டு முழுவதும் மாற்றிவிடுங்கள். டைப் ஏ மழைத்தண்ணீருக்கும் காற்றுப்போக்கிக்கும் உரியது. விலை குறைவு என்பதற்காக அதைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நாலு இன்ச் லைனுக்கு ஏறக்குறைய 60 அடிக்கு 1 அடி சரிவு, திரும்பும் இடமெல்லாம் ஒரு சேம்பர்.

பின்பக்கம் செப்டிக் டேங்க் இருந்து, பிற்பாடு தெருவில் பாதாளச் சாக்கடை வந்த வீடுகளில் இந்தச் சரிவுதான் பெரிய தலைவலி. கழிவு வீட்டின் முழு நீளத்தையும் கடந்து முன்பக்கம் போகவேண்டும். தெருவோ ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் உயர்ந்துகொண்டே வந்திருக்கும். வீடு பள்ளத்தில் இருந்தால், கேட்டருகே உள்ள கடைசிச் சேம்பரில் தண்ணீர் திரும்பி உள்ளே வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று போட்டுவிடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பக்கம் எத்தனையோ வீடுகளில் தண்ணீர் வாசல் வழியாக வருவதற்கு முன்பே குளியலறைத் தரை வழியாகப் பொங்கியது.

வேலையை ஆரம்பிக்கும் முன்

பழைய பைப்பைக் கழற்றும் முன் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் கீஸரின் எர்த் வயரை ஜி.ஐ. பைப்பில் கட்டிவைத்திருக்கும் வழக்கம் இருந்தது. பைப்பை பிளாஸ்டிக்காக மாற்றிய நாளிலிருந்து அந்த எர்த் இல்லாமல் போய்விடும், ஷாக் அடிக்கும்வரை யாருக்கும் தெரியாது. முறையான எர்த் குழியும், மின்சாரம் கசிந்தால் தானே அணைந்துவிடும் முப்பது மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஸ்விட்சும் இருப்பதை உறுதிசெய்த பிறகே பைப்பில் கைவையுங்கள்.

புதிய லைன் ஒரு வாரம் நன்றாக ஓடிய பின், பழைய லைனைத் தொட்டியின் அடியில் துண்டித்து, உள்ளே இருக்கும் தண்ணீரைக் கீழே வடித்துவிட்டு, இரண்டு முனையிலும் எண்ட் கேப் போட்டுவிடுங்கள். உடனே சுவரைப் பூசவேண்டாம். உப்பிய பூச்சை மட்டும் கொத்தி எடுத்துவிட்டுச் செங்கல்லைக் காற்றாட விடுங்கள். எங்கள் கூடத்துச் சுவர் முழுக்கக் காய ஒரு கோடை ஆனது. ஆடி பிறந்த பிறகுதான் கொத்தனாரைக் கூப்பிட்டோம்.